கல்கியும் அவர்தம் நேயரும்

தூத்துக்குடியை அடுத்து, திருச்செந்தூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் முத்தையாபுரம். உப்பளங்கள் சூழ்ந்த நெய்தல் நிலம் அது. கோடையில் அவ்வளங்களின் கரைகளில் உப்பு வெண்குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்ததும், பாத்திகளில் நீர் தேங்கும். உப்பெடுக்கும் தொழில் ஓயும். ஐப்பசி, கார்த்திகை என்னும் இவ்விரு திங்களையும் நம் முன்னோர் கூதிர்காலம் என வழங்கினர். வெளியே மழை பெய்ய, மக்கள் வீட்டினுள் அடங்கியிருக்கும் காலம் இது. ஆதலின் படிப்பதற்கு ஏற்ற காலமும் இதுவே. தமிழ் இதழ்கள் தீபாவளி மலர்களை வெளியிட்டு மக்களை மகிழ்விப்பதும் இப்பருவத்தில்தான்.

இக்கடற்கரை பண்டு தொட்டு முத்துக்குப் பெயர் பெற்றது. 1961-ஆம் ஆண்டு வரை இங்கு முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றின் துணையால் கடலுள் இறங்குவார். மற்றொரு கயிற்றைப் படகிலிருப்பவர் பிடித்திருப்பார். கீழிருப்பவர் கயிற்றை அசைத்ததும், மேலிருப்பவர் அவரை விரைந்து இழுத்துக் கரையேற்றுவார். மூழ்குபவரின் மூச்சு, பிடிப்பவரின் கையில் இருந்தது. எழுத்தாளருக்கும் அவர் எழுத்தைப் படிக்கும் நேயருக்கும் உள்ள தொடர்பும் இத்தகையதே. நேயரின் பிடி தளர்ந்தால் எழுத்தாளர் நிலை யாதாகும்? பிடி உறுதியாயின் என்னென்ன நிகழும்? இவ்விரு வினாக்களுக்கும் இம்மாவட்டத்து ஊராகிய எட்டயபுரமே விடை கூறுகின்றது. அவ்விடையைப் பெற்றுத் தந்தவர் நாவலாசிரியர் கல்கி ஆவார்.

கல்கி என்னும் புனைபெயரால் தமிழுலகம் அறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் தஞ்சை நாட்டுப் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பயின்று வந்த காலத்தில், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. பள்ளி இறுதித் தேர்வு அண்மையில் இருந்தும், அவர் படிப்பைத் துறந்து இயக்கத்தில் புகுந்தார், சிறையும் சென்றார். பின்னர்த் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய 'நவசக்தி'யில் 1923 முதல் பணியாற்றினார். அங்கு எழுத்துத் தொழிலைப் பழகிய அவர், 'ஆனந்த விகட'னில் ஆசிரியராக விளங்கியபோது பெரும்புகழ் பெற்றார். 1941-ஆம் ஆண்டில் நண்பர் சதாசிவத்துடன் கூடித் தம் புனைபெயராலேயே 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

அவருடைய நாவல்கள் பெரும்பாலும் இதழ்களில் தொடர்கதைகளாகவே பிறந்தன. தொடர்கதை எழுதுவது எளிய செயலன்று. நூலாசிரியர் தம் நூலை முற்றும் எழுதி, திருத்தி, மனநிறைவு கொண்ட பின்னர் வெளியிடலாம். தொடர்கதை ஆசிரியருக்கோ அவ்வுரிமை இல்லை. சென்ற வாரம் அச்சேறியதை இவ்வாரம் மாற்றுதல் இயலாது. உடல் நலிந்தாலும் உள்ளம் சோர்ந்தாலும் குறித்த நாளில் அத்தியாயம் அச்சகம் சேர்ந்தாக வேண்டும். இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நாவல்கள் பலவற்றைத் திங்கள்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டார். கல்கியோ வாரந்தோறும் எழுதினார். அதனுடன் தலையங்கம், அரசியல் கட்டுரை, பயணக் கட்டுரை ஆகியவற்றையும், 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமரிசனத்தையும் எழுதினார்.

இவ்வளவு உழைப்புக்கும் ஊக்கமளித்தவர் நேயர்களே. இதழ்க் கட்டு ஊரை அடையும் நாளில் மக்கள் அதற்காகக் காத்திருந்தனர். ஒருவர் படிக்க, வீட்டார் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். கதைப் பக்கங்களை மட்டும் தனியே எடுத்துத் தைத்து, நூலாகக் கட்டி வைத்துக்கொண்டோர் பலர். அவ்வாறு கட்டிய தொகுப்புகளைத் தம் பாட்டன் பாட்டியர் விட்டுச் சென்ற செல்வமாகப் போற்றுவோர் இன்றும் உளர். கல்கியும் நேயரை எட்ட நிறுத்திப் பேசினாரல்லர். கதையினிடையே அவர்களை விளித்து, அருகில் அமர்ந்து உரையாடுவார் போல எழுதினார். அக்குரலில் அன்பும் நகைச்சுவையும் இருந்தன, செருக்கு இல்லை.

இத்தொடர்பின் வலிமை எட்டயபுரத்தில் வெளிப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது எட்டயபுரம். மகாகவி பாரதியார் 1882-ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. 1920-ஆம் ஆண்டில் பாரதியார் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட எண்ணினார். அதற்கு வேண்டும் பொருளை நன்கொடையாக அன்று, கடனாகவே அன்பர்களிடம் கேட்டார். அக்குரலுக்குத் தக்க மறுமொழி வரவில்லை. அவர் எண்ணம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நாற்பது வயதும் நிரம்பாமல், அப்பெருமகனார் உலக வாழ்வை நீத்தார். பிடிப்பார் இன்றிக் கயிறு நழுவியது.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின், எட்டயபுரம் சென்று திரும்பிய கல்கி, அம்மண்ணில் பாரதிக்குத் தக்கதொரு நினைவுச் சின்னம் வேண்டும் எனத் தம் இதழில் எழுதினார். நேயர்களிடம் பொருளுதவி வேண்டினார். வாரந்தோறும் கதைக்காகக் காத்திருந்தவர்கள் இவ்வேண்டுகோளையும் படித்தனர். படித்து வாளாவிருந்தாரல்லர். பல ஊர்களிலிருந்தும் நன்கொடைகள் வந்து குவிந்தன. 1945-ஆம் ஆண்டில் இராஜாஜி மணிமண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், அக்டோபர்த் திங்களில், கூதிர்காலம் தொடங்கும் தறுவாயில், அப்போது மேற்கு வங்கத்தின் ஆளுநராக இருந்த இராஜாஜியே வந்து அதனைத் திறந்து வைத்தார்.

ஈண்டு ஒன்று சிந்தித்தற்குரியது. நேயர் தம்மீது கொண்ட அன்பைக் கல்கி தம் பெருமைக்குப் பயன்படுத்தவில்லை. உயிரோடிருந்தபோது கேட்டும் பெறாத வேறொரு கவிஞர்க்குரிய கடனைத் தீர்க்கவே அதனைப் பயன்படுத்தினார். பாரதியார் கேட்டதோ நூல் அச்சிடுவதற்குப் பொருள். மக்கள் பின்னர்க் கொடுத்ததோ மண்டபம். காலம் கடந்து கொடுத்தது முன்பு மறுத்ததற்கு ஈடாகாது. எனினும் மறந்தே போவதினும் காலம் கடந்தேனும் நினைப்பது நன்று. எழுத்தாளர் வாழும்போதே போற்ற வேண்டும் என்பதை அம்மணிமண்டபம் வருவோர்க்கெல்லாம் உணர்த்தி நிற்கின்றது.

1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், ஐப்பசி மழைக்காலத்தில், கல்கி தம் மிகப்பெரிய நாவலாகிய 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கினார். சோழர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தேடி ஆராய்ந்தார். கதை நிகழும் இடங்களை நேரில் கண்டறிய ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கும் சென்றார். ஐந்து பாகங்களாக விரிந்த அக்கதை, மூன்றரை ஆண்டுகள் நடந்து 1954-ஆம் ஆண்டு மே திங்களில் நிறைவெய்தியது. நிறைவெய்தியும் நேயர்கள் விடவில்லை. "அவர் என்ன ஆனார்? இவர் கதி என்ன?" என்று வினவிக் கடிதங்கள் எழுதினர். அவற்றைத் தொல்லையெனக் கருதாது, கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதினார். அதில் கதைமாந்தர் பலரின் பிற்கால வாழ்க்கையைக் கூறி, வரலாற்று நாவலின் இயல்பையும் விளக்கினார். கேட்டவர்க்கு விடை கூறுதல் தம் கடமை என்பது அவர் கொள்கை.

அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், கார்த்திகைத் திங்களில், கல்கி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55. அவர் எழுதி வந்த 'அமரதாரா' என்னும் நாவல் இடையில் நின்றது. டிக்கன்ஸும் 1870-ஆம் ஆண்டில் ஒரு நாவலை முடிக்காமலே மறைந்தார். அஃது இன்றளவும் முடிவுறாமலே உள்ளது. கல்கியின் நேயர்க்கு அக்குறை நேரவில்லை. அவர் மகளார் ஆனந்தி, தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைத் துணையாகக் கொண்டு அந்நாவலை எழுதி முடித்தார். தந்தை நேயர்க்குக் கொடுத்த வாக்கை மகள் காத்தார். 1956-ஆம் ஆண்டில் கல்கியின் 'அலை ஓசை' நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு வழங்கப்பெற்றது.

ஆண்டுகள் பல கடந்தன. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பெற்று எளியோர் கைக்கும் எட்டின. 'பொன்னியின் செல்வன்' 2022, 2023-ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதனைக் கண்டு நூலைத் தேடிப் படித்த இளைஞர் பலர். இன்றும் ஐப்பசி மழை பெய்யும். முத்தையாபுரத்து உப்பளங்கள் ஓய்ந்திருக்கும். ஏதோ ஒரு வீட்டில் ஒரு சிறுமி அந்நாவலின் முதற்பக்கத்தைத் திருப்புவாள். எழுதியவர் மறைந்த பின்னும் கயிற்றைப் பிடிக்கும் கை மறைவதில்லை. நல்ல நூலைப் படிக்கும் ஒவ்வொருவரும் அக்கயிற்றைப் பிடித்திருப்பவரே.

பயிற்சி

1. முத்துக்குளிப்பவரும் கயிறு பிடிப்பவரும் இப்பாடத்தில் யாருக்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளனர்? அவ்வுவமை பொருந்துமாற்றை விளக்குக.
2. தொடர்கதை எழுதுவது எளிய செயலன்று என்பதற்குக் கூறப்படும் காரணங்கள் யாவை?
3. பாரதியார் 1920-இல் விடுத்த வேண்டுகோளையும், கல்கி பின்னர் விடுத்த வேண்டுகோளையும் ஒப்பிட்டு எழுதுக.
4. நீ விரும்பிப் படித்த நூலின் ஆசிரியர்க்கு அந்நூல் பற்றி ஒரு கடிதம் வரைக.