கோடு போடும் முன் ஊரைக் கேள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்ட அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், ஒரு சிற்றூர் வழியாகப் போகும் இருவழிச் சாலையை நான்குவழியாக்கும் பணியை உனக்குக் கொடுத்திருப்பதும் பெரிய சந்தோஷம். "ஊருக்குள்ளேயே அகலப்படுத்துவதா, பைபாஸ் போடுவதா? எது சரி, பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஊரைத் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஊர் எப்படி வாழ்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள். பள்ளிக்கூடம் சாலைக்கு எந்தப் பக்கம், பிள்ளைகளின் வீடுகள் எந்தப் பக்கம்? மாடு எந்த வழியாக மேய்ச்சலுக்குப் போகிறது? மழைத்தண்ணீர் எங்கே சாலையைக் கடந்து ஏரிக்குப் போகிறது? சந்தை எந்தக் கிழமை, எங்கே கூடுகிறது? நம் தொழிலில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. வாகனங்களை எண்ணுகிறோம். எண்ணிக்கையை வைத்து எத்தனை வழி என்று முடிவு செய்கிறோம். வழியிலிருந்து அகலம், அகலத்திலிருந்து நிலம் என்று கணக்குப் போகிறது. நிலம் எடுக்கும்போதுதான் அங்கே மனிதர்கள் இருப்பது நமக்குத் தெரிகிறது. அதற்குள் வரைபடம் முடிந்துவிடுகிறது. அவர்கள் சொல்வதெல்லாம் 'ஆட்சேபணை' ஆகிவிடுகிறது.

இந்த வரிசையை மாற்றிப்போட்ட ஒரு சாலையைப் பற்றிச் சொல்கிறேன். நெடுஞ்சாலைத் திட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஃபிளாட்ஹெட் என்ற பழங்குடிப் பகுதி இருக்கிறது. சேலிஷ், பாண்டரே, கூட்டெனாய் மக்களின் நிலம் அது. 1855ஆம் ஆண்டின் ஹெல்கேட் ஒப்பந்தத்தில் தங்கள் பரந்த பூமியை விட்டுக்கொடுத்து, இந்தப் பள்ளத்தாக்கைத் தமக்கென்று வைத்துக்கொண்டார்கள். அதுவும் முழுதாக நிலைக்கவில்லை. 1910இல் அரசு அந்த நிலத்தையும் வெளியார் குடியேறத் திறந்துவிட்டது. இன்று அங்கே வாழ்வோரில் பழங்குடியினர் சிறுபான்மையினர். இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொள். சாலை விஷயத்தில் அவர்கள் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

அந்தப் பகுதியின் நடுவே தெற்கு வடக்காக 93ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. எவாரோ என்ற சிற்றூரிலிருந்து போல்சன் வரை சுமார் 90 கிலோமீட்டர். வழியில் ஆர்லி, செயின்ட் இக்னேஷியஸ், ரோனன் போன்ற சின்னச் சின்ன ஊர்கள். மிசூலா நகரத்தையும் வடக்கே கலிஸ்பெல்லையும் இணைக்கும் சாலை என்பதாலும், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா செல்வோர் போகும் பாதை என்பதாலும் நெரிசல் கூடிக்கொண்டே போனது. விபத்துகளும் கூடின. 'எனக்காகப் பிரார்த்தியுங்கள், நான் 93இல் வண்டி ஓட்டுகிறேன்' என்ற பொருளில் வண்டிகளின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சாலை பேர் வாங்கியிருந்தது. மாற்றம் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

மாநிலப் போக்குவரத்துத் துறை தனக்குத் தெரிந்த தீர்வைச் சொன்னது: நான்குவழி, சில இடங்களில் ஐந்துவழி. பழங்குடி அரசு மறுத்தது. அகலமான சாலை வந்தால் அதன் பின்னாலேயே கடைகளும் குடியிருப்புகளும் வரும், 1910இல் நடந்தது இன்னொரு முறை நடக்கும் என்று அஞ்சினார்கள். சாலை தங்கள் ஊர்களை இரண்டாகப் பிளக்கும், கரடியும் மானும் ஆமையும் கடக்க முடியாமல் சாகும் என்றார்கள். 1996இல் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முடிந்த பிறகும் எத்தனை வழி என்பதில் உடன்பாடு வரவில்லை. பழங்குடி நிலத்தில் சாலைக்கு இடம் எடுக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும். ஆகவே யாரும் யாரையும் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்க முடியவில்லை. மாநில அரசு, ஒன்றிய நெடுஞ்சாலை நிர்வாகம், பழங்குடி அரசு என்ற மூன்றும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு டிசம்பரில்தான் வந்தது.

அந்த இடைக்காலத்தில் என்ன நடந்தது என்பதுதான் உனக்குப் பாடம். சியாட்டிலைச் சேர்ந்த ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனம் பழங்குடி அரசுக்குத் துணையாக வந்தது. வழிகளின் எண்ணிக்கையைப் பற்றிய சண்டையை அவர்கள் ஓரமாக வைத்தார்கள். முதலில் நிலத்தைப் படித்தார்கள், பெரியவர்களிடம் கேட்டார்கள். எந்த மேட்டுக்கு என்ன பெயர், எந்த ஓடை எங்கே பெருகும், எந்த இடத்தில் விலங்குகள் காலங்காலமாகக் கடக்கின்றன என்று குறித்தார்கள். அதிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது: இந்த நிலத்துக்குச் சாலை விருந்தாளியாக வருகிறது, ஆகவே வீட்டுக்காரரின் ஒழுங்குக்கு அது அடங்கி நடக்க வேண்டும். கேட்பதற்குக் கவிதைபோல இருக்கும். ஆனால் இந்த ஒரு வரியிலிருந்துதான் வளைவுகள், பாலங்கள், வேலிகள் எல்லாம் வந்தன.

முடிவு இதுதான். முழு நீளத்துக்கும் நான்குவழி என்ற யோசனை கைவிடப்பட்டது. பெரும்பகுதி இருவழியாகவே இருந்தது. முந்திச் செல்லத் தனி வழி, திரும்பத் தனி வழி, அகலமான ஓரங்கள் சேர்ந்தன. தேவைப்பட்ட சில இடங்களில் மட்டும் நான்குவழி. மேடுபள்ளத்தை வெட்டி நேராக்காமல், நிலத்தின் போக்கிலேயே சாலையை மெல்ல வளைத்தார்கள். ஆர்லி ஊருக்குள் ஒரே அகலச் சாலையை இழுக்கவில்லை. போகிற வண்டிக்கு ஒரு தெரு, வருகிற வண்டிக்கு ஒரு தெரு என்று பிரித்தார்கள். ஊர்களுக்கும் ஓடைகளுக்கும் சேலிஷ், கூட்டெனாய் மொழிகளில் பெயர்ப்பலகை வைத்தார்கள். விலங்குகளும் மீன்களும் கடக்க 40க்கும் மேற்பட்ட இடங்களில் வழி அமைத்தார்கள். எவாரோ அருகே விலங்குகளுக்கென்றே சாலைக்கு மேலே மண் போட்டுச் செடி வளர்த்த ஒரு பாலமும் இருக்கிறது. 2010 வாக்கில் பெரும்பகுதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கேமரா வைத்துக் கண்காணித்தபோது, 29 கடவுகளில் மட்டும் ஆண்டுக்கு 22,000 முறைக்கு மேல் விலங்குகள் பத்திரமாகக் கடந்தது பதிவானது.

குறைகளும் உண்டு, அவற்றையும் நீ தெரிந்திருக்க வேண்டும். விலங்குகள் சாலைக்கு வராமல் தடுக்கும் வேலியின் நீளம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்த இடங்களில் பலன் குறைவு, அதுவும் இடத்துக்கு இடம் மாறியது. வேலி முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு விலங்குகள் சாலைக்கு வந்துவிடுகின்றன. நைன்பைப் என்ற சதுப்பு நிலப் பகுதியை 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்க்கவே முடியவில்லை. அதற்குத் தனி ஆய்வு தேவைப்பட்டது, வேலையும் பல ஆண்டுகள் பின்தங்கியது. நல்ல திட்டம் என்றால் எல்லாம் ஒரே மூச்சில் தீரும் என்று எண்ணாதே. தெரியாததைத் தெரியாதென்று ஒதுக்கி, அதற்கென்று காலம் கொடுத்ததும் அந்தத் திட்டத்தின் நேர்மைதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். "அவர்களுக்குச் சம்மதம் மறுக்கும் உரிமை இருந்தது, நம் கிராமத்துக்கு அது இல்லையே" என்று நீ கேட்பாய். உண்மைதான். நம்முடைய 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் நடைமுறை என்ன என்று பார். 3ஏ பிரிவின் கீழ் நிலம் எடுக்கப்போவதாக அரசிதழில் அறிவிக்கை வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியாகும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமை உள்ளவர் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தன் தரப்பைச் சொல்லலாம். பிறகு 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் ஒன்றிய அரசுக்குச் சேர்ந்துவிடும். அதற்குமேல் மிஞ்சுவது இழப்பீட்டுத் தொகை பற்றிய பேச்சுதான்.

அந்த 21 நாட்களில் ஒரு விவசாயி சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, பட்டா நகல் எடுத்து, மனு எழுத வேண்டும். சாலையின் போக்கையே மாற்றும் வாதத்தை அதற்குள் அவரால் எப்படித் தயாரிக்க முடியும்? வாடகைக் கடைக்காரரும் பூ விற்கும் அம்மாவும் நில உரிமையாளர்கள் பட்டியலில் பெரும்பாலும் இருக்கவே மாட்டார்கள். ஆனால் அவர்கள் பிழைப்பும் அந்தச் சாலையோரத்தில்தான்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக்கேட்பு இருக்கிறதே என்பாய். அதற்கான 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2013இல் செய்த திருத்தத்தின்படி, தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேல் இருந்து, பழைய தடத்தில் 40 மீட்டருக்கும் புதிய தடத்தில் 60 மீட்டருக்கும் அதிகமாகக் கூடுதல் நிலம் எடுத்தால்தான் அந்த அனுமதியே தேவைப்படும். ஒரு சிற்றூரைத் தொட்டுப்போகும் சின்ன விரிவாக்கம் இந்த வரம்புக்குள் வராமலே முடிந்துவிடும். சென்னை–சேலம் எட்டுவழிச்சாலை வழக்கு உனக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிப்பதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று சொல்லி 3ஏ அறிவிக்கைகளை ஏற்றது. அதாவது சட்டப்படி, கோடு முதலில் வரலாம், ஆய்வு பின்னால் வரலாம்.

அதனால்தான் உன் வேலை இவ்வளவு முக்கியமானது என்கிறேன். கோடு போடும் கட்டம் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத கட்டம். அங்கே ஊருக்காகப் பேச நீ மட்டும்தான் இருக்கிறாய்.

சில விஷயங்களை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். மேடாக உயர்த்திப் போட்ட சாலை ஒரு கரைதான். ஒரு பக்கத்துத் தண்ணீரை மறுபக்கம் விடாது. செயற்கைக்கோள் படத்தில் காய்ந்த வரப்பாகத் தெரிவது ஐப்பசியில் ஓடையாக இருக்கலாம். எந்தெந்த இடத்தில் சிறுபாலம் வேண்டும் என்பதை ஏரிப்பாசனம் பார்த்த பெரியவர்களோடு நடந்து குறித்துக்கொள். பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் காட்டச் சொல்.

அடுத்தது குறுக்கே போகிறவர்கள். நெடுக்கே போகும் லாரியை நாம் எண்ணுகிறோம். குறுக்கே கடக்கும் பிள்ளைகளை எண்ணுவதில்லை. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம், விடும் நேரம், சந்தை நாள் ஆகியவற்றில் நின்று எண்ணு. மையத் தடுப்பு வைத்து மூடிவிட்டு, யு டர்ன் வெகுதூரம் தள்ளி இருக்கிறது என்றால் யாரும் சுற்றிப்போக மாட்டார்கள். தடுப்பைத் தாண்டுவார்கள், எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவார்கள். அதை ஒழுங்கின்மை என்று திட்டாதே. அந்த இடத்தில் கடக்கும் தேவையை உன் வரைபடம் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம். சுரங்கப்பாதை அமைத்தால் அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் நுழையும் உயரம் இருக்கட்டும், மழையில் தண்ணீர் தேங்காத மட்டம் இருக்கட்டும்.

மூன்றாவது வேகம். கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆகும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு ஆகிறது என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. ஊருக்குள் சாலையை அகலமாகவும் நேராகவும் போட்டுவிட்டு வேகத்தைக் குறைக்கப் பலகை வைத்தால் பலன் இருக்காது. ஓட்டுநர் சாலையின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். ஊருக்குள் நுழைகிறோம் என்பதை அந்த வடிவமே அவருக்குச் சொல்ல வேண்டும்.

பைபாஸ் பற்றி. வெளியூர் லாரிகள் ஊரைத் தொடாமல் போகும் என்பது பெரிய நன்மை. ஆனால் அந்தக் கோடு ஏதாவது ஒரு நிலத்தின் மேல்தான் போகும், பெரும்பாலும் வயலின் மேல். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கீழாற்றூர் என்ற ஊரில், வயல் வழியாக பைபாஸ் போவதை எதிர்த்து 'வயல்கிளிகள்' என்ற பெயரில் விவசாயிகள் திரண்டு 2018இல் பெரிய போராட்டம் நடத்தினார்கள். கடைத்தெருவைக் காப்பாற்றும் கோடு வயலை எடுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் யாருக்கும் நோகாத விடை கிடையாது. யாருக்கு எவ்வளவு நோகும் என்பதை மறைக்காமல் எல்லாருக்கும் முன்னால் வைப்பதுதான் நம் கடமை. பைபாஸ் போட்டாலும் அதன் ஓரத்தில் கண்டபடி வாசல் திறக்க விட்டால், சில ஆண்டுகளில் அதுவும் இன்னொரு கடைத்தெருவாகி நீ தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பாய்.

இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று உன் மேலதிகாரி கேட்கலாம். ஃபிளாட்ஹெட் சாலை பல ஆண்டுகள் நின்றது ஊரைக் கேட்டதால் இல்லை, கேட்பதற்கு முன் வழிகளை முடிவு செய்ததால். வழக்கிலும் மறியலிலும் போகும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஊரோடு நடக்கும் சில வாரங்கள் மிகச் சிறிய செலவு. இதை மரியாதையோடு, ஆனால் தெளிவாக எடுத்துச் சொல்.

இப்போது நீ செய்ய வேண்டியது: ஒரே ஒரு கோட்டோடு ஊருக்குப் போகாதே, இரண்டு மூன்று மாற்றுத் தடங்களையும் எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை கடை, எவ்வளவு நஞ்சை, எத்தனை கிணறு, எத்தனை மரம் போகும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு. கிராம சபை கூடும் நாளில் போய் விளக்கு. பெண்கள் பேசத் தயங்கினால் தண்ணீர்க் குழாயடிக்கும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போ. அவர்கள் சொன்னதில் எதை ஏற்றாய், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அறிக்கையிலேயே எழுது. உன் பரிந்துரை மேலே நிராகரிக்கப்படலாம். ஆனாலும் அந்தப் பக்கங்கள் கோப்பில் இருக்கும். நாளை அந்த ஊர்க்காரர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கித் தன் வாதத்துக்குப் பயன்படுத்துவார்.

அடுத்த கடிதத்தில் ஊரின் கைவரைபடம் ஒன்று வரைந்து அனுப்பு. சாலையை அதில் கடைசியாக வரை.

அன்புடன்,
உன் பெரியம்மா