மீட்டர் இல்லாமல் கிட்டே போகாதே

அன்பு மகனுக்கு,

கல்பாக்கம் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் ரேடியோகிராஃபி (ஆர்.டி.) வேலையில் சேரப் போவதாக உன் அம்மா சொன்னாள். வெல்டிங் ஜாயின்ட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது மரியாதையான வேலை. போய் வா. ஆனால் அந்தக் கதிரை வீசும் இரிடியம்-192 சோர்ஸைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ.

அது விரல்நுனியளவுதான். வாடை வராது, தொட்டாலும் உடனே வலிக்காது. 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யானாங்கோ நீர்மின் நிலையத்தில், சோர்ஸை வைத்திருக்கும் பெட்டியான கேமராவிலிருந்து கழன்று கிடந்ததை ஒரு வெல்டர் என்னவென்று தெரியாமல் எடுத்துக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அதோடு வேலை பார்த்தார். தொடை வலித்தது, பார்த்த மருத்துவர் பூச்சிக்கடி என்று நினைத்தார். இரவில் ஃபிலிமைக் கழுவியபோது அதில் படமே விழவில்லை. அப்போதுதான் சோர்ஸைத் தேடினார்கள். அதற்குள் அது அவர் வீட்டுக்கே போய்விட்டது. கடைசியில் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று பகலில் யாராவது கதிரை அளக்கும் சர்வே மீட்டரோடு கேமராவை ஒரு சுற்று சுற்றிவந்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும்.

நம் பக்கத்திலும் நடந்ததுண்டு. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கதிரியக்கக் கழிவு வரக் கூடாத தொட்டிக்குள் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுக்க அங்கே மானிட்டர் இல்லை. ஆறு ஊழியர்கள் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர் வாங்கினார்கள். நம் நாட்டு விதிப்படி எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அது ரேடியோகிராஃபி வேலை அல்லதான். ஆனாலும் விஞ்ஞானிகள் நிறைந்த இடத்திலேயே கருவி சொல்லாமல் யாருக்கும் தெரியவில்லை, பார்.

ஆகவே, கேபிளை முழுக்கச் சுற்றிவிட்டோம், சோர்ஸ் கேமராவுக்குள் போயிருக்கும் என்று ஒருநாளும் கணக்குப் போடாதே. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டே நட. சோர்ஸ் போய்வரும் கைடு டியூப் நெடுகப் பார், கேமராவைச் சுற்றிப் பார். வேலை தொடங்கும் முன்பே பேட்டரியைச் சரிபார்த்துவிடு. சில மீட்டர்கள் கதிர் மிக அதிகமானால் திணறிப் பூஜ்யமே காட்டும். அதனால் தூரத்திலிருந்தே முள்ளைக் கவனித்துக்கொண்டு போ. டி.எல்.டி. பேட்ஜைக் கட்டாயம் அணி. ஆனால் அது எச்சரிக்காது. எவ்வளவு வாங்கினாய் என்று பின்னால் கணக்குச் சொல்லும், அவ்வளவே.

அளவு குறையவில்லையென்றால் விலகிவிடு. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும். கயிறு கட்டி ஆட்களைத் தடு, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ.வைக் கூப்பிடு. விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊரில் வளர்ந்தவன் நீ. பிற உயிருக்காகக் கையைக் கட்டி நிற்க உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்றுக்கொண்ட பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வரும்முன், ‘ஹெல்பர்தானே’ என்று சோர்ஸ் பக்கம் அனுப்பினால் போகாதே. உன் பெயரில் பேட்ஜ் இருக்கிறதா, மீட்டர் ஓடுகிறதா என்று முதல் நாளே கேள். இல்லையென்றால் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடு. சம்பளம் போனால் போகட்டும், வேறு வேலை தேடித் தருகிறேன்.

உன் பெரியப்பா,
வேடந்தாங்கல்