விடுதலைக்குப் பிறகு

இரவு வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். "என் தம்பியை அடித்தவனைக் கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. மேல் கோர்ட்டுக்குப் போகலாம். இதற்கு மேல்முறையீடு என்று பெயர். சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டு விடுதலை செய்தால், அமராவதியில் உள்ள ஹைகோர்ட்டுக்குப் போகலாம். அதற்கும் மேலே டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு இருக்கிறது.

முன்பெல்லாம் போலீஸ் வழக்கில் அரசுதான் மேல்முறையீடு செய்யும். அடிபட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 2009 கடைசியில் சட்டம் மாறியது. இப்போது பாதிக்கப்பட்டவரே போகலாம்.

ஆனால் மேல் கோர்ட்டு விடுதலையை எளிதில் மாற்றாது. குற்றம் நிரூபிக்கும் வரை யாரும் குற்றவாளி இல்லை என்பது சட்டம். விடுதலை கிடைத்தால் அது இன்னும் உறுதியாகிறது. 2007-ல் சந்திரப்பா என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொன்னது.

இருட்டில் ஆளைப் பார்த்தேன் என்கிறார் சாட்சி. ஒரு நீதிபதி நம்பலாம். இன்னொருவர் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் இடம் இருந்தால், விடுதலையை அப்படியே விட்டுவிட வேண்டும். முக்கியமான சாட்சியைக் கீழ்க் கோர்ட்டு பார்க்காமல் விட்டதா? சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதா? அப்போது மாற்றலாம். எனக்கும் முதலில் இது அநியாயமாகத்தான் பட்டது. பொய் வழக்கில் நம் வீட்டுப் பிள்ளை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகுதான் புரிந்தது.

நம் ஆந்திராவில் காரம்சேடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே குடிநீர்க் குளத்தில் எருமையைக் கழுவினார்கள். தலித் மக்கள் தட்டிக் கேட்டார்கள். தகராறு முற்றியது. 1985 ஜூலை 17 அன்று ஆறு தலித்துகளைக் கொன்றார்கள். 1994-ல் கீழ்க் கோர்ட்டு தண்டனை கொடுத்தது. 1998-ல் ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. 2008 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை மாற்றியது. ஒருவருக்கு ஆயுள் தண்டனை. இன்னும் பலருக்கு மூன்று ஆண்டுச் சிறை. இதற்கு 23 வருடம் ஆனது. அன்று பிறந்த குழந்தைக்குக் கல்யாண வயதே வந்துவிட்டது!

அதனால் நாளைக் கடத்தக்கூடாது. விடுதலையை எதிர்த்து அரசு ஹைகோர்ட்டுக்குப் போக 90 நாள்தான் கெடு. தீர்ப்பு நகலை உடனே வாங்குங்கள். அரசு வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கும் தலித், பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

மறுநாள் அக்கா தீர்ப்பு நகலைக் கொண்டுவந்தார். உள்ளே எல்லாம் ஆங்கிலம். தேதியை மட்டும் அவரே படித்தார். இரண்டு பேரும் விரல்விட்டு நாள் எண்ணினோம். இன்னும் 41 நாள் இருந்தது.