வளமும் நெறியும்

இயற்கை வளம் மிகுந்த நாடு செல்வ நாடாகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், 1971 முதல் 1989 வரை பல நாடுகளின் வளர்ச்சியை ஆராய்ந்த சாக்ஸ், வார்னர் என்னும் பொருளியலார், இயற்கைப் பொருள்களை மிகுதியாக ஏற்றுமதி செய்த நாடுகள் மெதுவாகவே வளர்ந்தன என்று 1995இல் எழுதினர். அவ்வாறாயின், வளமே கேடா? அன்று என்றனர் நார்வே அறிஞர் மூவர். சட்டமும் நிருவாகமும் தளர்ந்த நாட்டில்தான் வளம் கேடாகிறது என்பது 2006இல் வெளிவந்த அவர்களது ஆய்வின் முடிவு.

ஆப்பிரிக்காவின் போட்சுவானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை பெற்றபோது அது மிக வறிய நாடு. 1967இல், குலங்களிடம் இருந்த கனிம உரிமையைச் சட்டத்தால் நாட்டின் உரிமையாக்கினர். ஓராப்பாவில் வைரம் கண்டறியப்பட்டதும் அவ்வாண்டே. வைரப் பணம் பெருகுமுன்பே, அது யாருக்கு உரியது என்பது தீர்ந்துவிட்டது. பின்னர் அப்பணம் சாலையும் பள்ளியுமாயிற்று.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். எங்கள் கள்ளிக்காட்டில் வைரம் இல்லை. நெய்யாற்று அணை இருக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சி அரசு தொடங்கிய திட்டம் அது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வட்டத்தில் 9,200 ஏக்கருக்கும் நீர் தர அமைந்தது. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை மாறிற்று. விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அணை கேரளத்தில் நின்றது. அதன் பின்னும் பல்லாண்டுகள் நீர் சென்றது. 2004இல் கேரளம் அதனை நிறுத்திற்று. நெய்யாறு இருமாநில ஆறு அன்று என்பது கேரளத்தின் வாதம்; எல்லை மாறியதால் பழைய உரிமை அழியாது என்பது தமிழகத்தின் வாதம். 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

எவர் பக்கம் நீதி என்று நான் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. மலையும் மழையும் அணையும் கால்வாயும் இருந்தும் ஒரு வட்டத்துக்கு நீர் இல்லாமற் போயிற்று. இரு தரப்பாரும் ஒப்பிய உறுதியான பங்கீட்டு விதிதான் இல்லை. அடுத்த பருவத்தில் கால்வாயில் நீர் வருமா என்று அறியாத உழவன், கடன் வாங்கி நாற்று நடுவானா? நிலத்தைத் திருத்துவானா? அவன் தயங்கினால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் கூலியும் கடைத்தெருவும் குன்றும். சிற்றூருக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே நண்பர்களே, ஒரு நாட்டின் பொருள்நிலையைக் கற்கும்போது, அங்கே என்ன வளம் உண்டு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை யார், எந்த விதிப்படி பங்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள்.