கால் மைல் வண்டிகளும் அவற்றின் சிற்றுருவும்

ஒரு நேர்ப்பாதை, அதன் நீளம் கால் மைல், அஃதாவது 1320 அடி. அப்பாதையின் தலைப்பில் இரண்டு வண்டிகள் அருகருகே அசையாது நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் புறப்படும். எது எல்லைக்கோட்டை முதலிற் கடக்கின்றதோ அதுவே வென்றது. வளைவு, திருப்பம், சுற்று என்பன இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டிராக் பந்தயம் என வழங்குவது இதுவே. இவ்வண்டிகளை 25-இல் ஒரு பங்கு அளவாகச் சுருக்கிப் பிளாஸ்டிக் உறுப்புக்களால் இணைத்து வர்ணந் தீட்டி அமைத்தல் அந்நாட்டிற் பரவிய ஒரு கைவேலை. அங்ஙனம் அமைத்த உருவைச் சிற்றுரு என இக்கட்டுரையில் வழங்குவாம். அவ்வளவையிற் கால் மைல் 52.8 அடியாகச் சுருங்கும். நம் விடுதித் தாழ்வாரத்தில் அடங்கிவிடும்.

பெட்டியில் வந்த உறுப்புக்களைக் குறிப்புத்தாளின்படி ஒட்டி முடித்தாற் சிற்றுரு நிறைந்தது என்பார் ஒருசாரார். கண்ணுக்கு இனிதாயிருப்பின் போதும் என்பார் மற்றொருசாரார். இவ்விரு கொள்கையும் சாலை வண்டிக்கு ஒருவாறு பொருந்தலாம்; பந்தய வண்டிக்குப் பொருந்தா என்பது எம் துணிபு. ஏனெனில், தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவரும் சாலை வண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும். பந்தய வண்டியோ ஒன்றே ஒன்று. அதுவும் நேற்றிருந்தபடி இன்றில்லை. சனிக்கிழமை மாலை என்ஜின் வெடிக்கும். ஞாயிறு காலை வேறோர் என்ஜின் ஏறும். புகைக்குழாய் மாறும், சக்கரம் மாறும், பொருளுதவும் கம்பெனி மாறுங்கால் வர்ணமும் எழுத்தும் மாறும். ஆகவே இத்தகைய வண்டியின் வாழ்நாளில் ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அந்நாளில் அஃது இருந்தவாறு அமைப்பதே மெய்யான சிற்றுரு எனப்படும். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடந் துணியும் பதிப்பாசிரியர் தொழிலை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முற்காலத்து வண்டியிற் பிற்காலத்து உறுப்பை வைத்தல் இடைச்செருகலேயாம்.

இப்பந்தயத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறின் அமையும். தெற்குக் கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930-ஆம் ஆண்டுகளிலேயே இளைஞர் பழைய வண்டிகளைத் திருத்தி வேகம் பார்த்து வந்தனர். 1950-இல் ஸான்டா ஆனா விமான நிலையத்து ஓடுபாதையில் முறையான பந்தயம் நடத்தப்பெற்றது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய இளைஞரை வேலியிட்ட களத்துக்குக் கொணர்தல் அதன் நோக்கங்களில் ஒன்று. கிறிஸ்துமஸ் மரம் என்னும் பெயருடைய விளக்குத் தூண் 1963-இல் வந்தது. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்னும் ஓட்டுநர் களத்தில் உயிர் துறந்தபின், நைட்ரோமீத்தேன் எரிக்கும் வகுப்புக்களுக்குப் பாதை 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. குறைந்த அத்தொலைவிலேயே இன்றை முதல்வகுப்பு வண்டிகள் மணிக்கு 330 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எட்டுகின்றன.

ஒரு நாளைத் தெரிந்தெடுத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 1950-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல் 1970 வரை முதல்வகுப்பு வண்டிகள் உண்டிவில் எனப் பொருள்படும் பெயர் பெற்றிருந்தன. நீண்டு ஒடுங்கிய குழாய்ச் சட்டம். முன்னே சைக்கிள் சக்கரம் போன்ற இரண்டு மெல்லிய சக்கரங்கள். பின்னே அகன்ற இரண்டு டயர்கள். அவற்றின் அச்சுக்கும் பின்னால் ஓட்டுநர் இருக்கை. உண்டிவில்லின் தோலிற் கல் இருக்குமாறுபோல அவர் இருத்தலின் அப்பெயர் வந்தது. பாரம் பின்சக்கரத்தின்மேல் விழுந்தாலன்றி டயர் தரையைப் பற்றாது வீணே சுழலுமாதலின், இவ்வமைப்பு அறிவொடு பொருந்தியதே. ஆனால் என்ஜினும் கிளச்சும் கியர்ப் பெட்டியும் ஓட்டுநருக்கு முன்னே, அவருடைய கால்களை ஒட்டி அமைந்தன. எண்ணெய் தெறித்தாலும், தீப்பற்றினாலும், இரும்பு சிதறினாலும் முகமும் காலுமே இலக்காயின.

1970 மார்ச் 8-ஆம் நாள் கலிபோர்னியாவில் லயன்ஸ் என்னும் களத்தில் டான் கார்லிட்ஸ் தம் வண்டியைச் செலுத்திய கணத்தில் கியர்ப் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலப்பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அதன்பின் அவர் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னே வைக்கும் வண்டியை அமைக்கத் துணிந்தார். அத்தகைய வண்டிகளை முன்னரும் சிலர் முயன்றதுண்டு. அவை நேர்வழி நில்லாது அலைந்தமையின் பரவவில்லை. ஸ்டியரிங்கின் விரைவைக் குறைத்தபின் அக்குறை நீங்கிற்று. 1971-இல் பொமோனா நகரில் நிகழ்ந்த குளிர்காலப் பந்தயத்தில் அப்புதிய வண்டி வென்றது. சில ஆண்டுகளுக்குள் உண்டிவில் வண்டிகள் முதல்வகுப்பில் வழக்கொழிந்தன. கார்லிட்ஸ் தம் வண்டிகளுக்கெல்லாம் ஸ்வாம்ப் ராட், அஃதாவது சதுப்புநில எலி, என்னும் ஒரு பெயரையே எண்ணிட்டு வழங்கினார். வெடித்தது 13-ஆவது, வென்றது 14-ஆவது. பெயர் ஒன்று, இடைவெளி ஓராண்டு. எனினும் இரண்டின் உறுப்புக்களையும் கலந்து ஒரு சிற்றுரு அமைப்பின், அஃது எந்நாளும் இவ்வுலகில் ஓடாத வண்டியாகும். உண்டிவில் வண்டியை அமைப்பவர், இருக்கைக்கு முன்னுள்ள குறுகிய குழியிற் பெட்டியையும் மிதிகளையும் இடுக்கியாற் பிடித்து ஒட்டுங்கால், ஒரு மனிதனுடைய பாதத்துக்கு அங்கே எவ்வளவு இடமிருந்தது என்பதைக் கண்ணாரக் காண்பர். நூல் பல படிப்பினும் இத்தெளிவு வாராது.

இனிப் பெட்டியை நோக்குவாம். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சினுள் மிக்க அழுத்தத்தோடு செலுத்தி, ஆறவிட்டு உறுப்புக்களை வார்ப்பர். மிச்சிகன் மாநிலத்தில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. கம்பெனி முதலிற் கார் வணிகர்க்கு விளம்பர உருக்கள் செய்து கொடுத்தது. 1958 முதல் ஒரே பெட்டியில் ஒரு வண்டியை மூவகையாக அமைத்தற்குரிய உறுப்புக்களை விற்றது: கடையில் வந்தபடி, அழகுபடுத்தியபடி, பந்தயத்துக்குரியபடி. இரண்டு வகையின் உறுப்புக்கள் எஞ்சுமாதலின், அவற்றைச் சேர்த்து வைத்த பேழை ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பொருட்களஞ்சியமாயிற்று. ரெவெல், மானோகிராம், எம்.பி.சி. முதலிய கம்பெனிகளும் புகழ்பெற்ற பந்தய வண்டிகளைப் பெட்டியில் அடைத்தன. 1970-இல் மாட்டெல் என்னும் பொம்மைக் கம்பெனி தன் ஹாட் வீல்ஸ் பெயரால் டான் புருடோம், டாம் மக்யூவன் என்னும் ஓட்டுநர் இருவர்க்கும் பொருளுதவிற்று. முன்னவர்க்குப் பாம்பு என்றும் பின்னவர்க்குக் கீரி என்றும் பட்டப்பெயர். பாம்பின் வண்டி மஞ்சள், கீரியின் வண்டி சிவப்பு. பொம்மை விற்ற காசு மெய்வண்டியை ஓட்ட, மெய்வண்டியின் புகழ் பொம்மையை விற்றது. இப்பகையினும் இலாபமான பகை பிறிதொன்று உண்டோ!

ஆயினும் பெட்டியை மூலமாகக் கொள்ளுதல் கூடாது. எஃகு அச்சு வெட்டுதற்குப் பெருஞ்செலவாகும். ஆதலின் ஓர் அச்சையே பின்னும் பின்னும் திருத்தி வேறு வேறு வண்டிகளாக விற்றனர். ஒருவருடைய சட்டத்தின்மேல் மற்றொருவர் பெயர் ஏறியிருத்தலும் உண்டு. மூலமாவன அக்காலத்துப் புகைப்படங்களே. நாளும் களமும் குறித்த படங்கள் இரண்டேனும் வேண்டும். ஒன்று இடப்பக்கம், மற்றொன்று வலப்பக்கம். இரு பக்கமும் ஒத்திருக்கும் என்று கொள்ளுதல் துணிவேயன்றி அறிவாகாது.

வேலையின் தொடக்கம் சோப்பு நீரிற் கழுவுதல். அச்சிலிருந்து உறுப்பு எளிதில் நீங்கும்பொருட்டுத் தடவிய பசை எஞ்சியிருப்பின் வர்ணம் பற்றாது. இரண்டு அச்சுப் பாதிகள் கூடிய இடத்தில் ஒரு மெல்லிய வரை நிற்கும். அதனைக் கத்தியின் விளிம்பாற் சுரண்டி உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். தடித்த இடங்கள் ஆறுங்காற் குழிவதுமுண்டு. அக்குழிகளுக்குப் பட்டி பார்த்துத் தேய்க்கும் முறை நம் ஊர்க் கார்ப் பட்டறைகளில் நடப்பதே. கை மட்டும் இன்னும் மெல்லிதாதல் வேண்டும். இணைப்புத் திரவம் கோந்துபோல் இடைநின்று பற்றுவதில்லை. அது பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டு உறுப்பையும் ஒன்றாக உருக்கிவிடும். ஆதலின் ஒட்டுமுன் வெறுமனே பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது. அதன் ஆவி தீயது. சாளரத்தைத் திறந்து வைத்து வேலை செய்க.

பந்தய வண்டியில் மூடியில்லாத உறுப்பு என்ஜின். கண் முதலிற் செல்வது அதன்மேலேயே. பெரும்பான்மை கிரைஸ்லர் கம்பெனியின் ஹெமி. எரியறையின் கூரை அரைக்கோளமாயிருத்தலின் அப்பெயர் பெற்றது. அதன்மேல் நிற்கும் காற்றழுத்தியை 6-71 என்பர். இவ்வெண் எங்கிருந்து வந்தது? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1938-இல் வெளியிட்ட டீசல் என்ஜின் வரிசையில், ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம் உடையது. அத்தகைய 6 சிலிண்டர் கொண்ட என்ஜினுக்குக் காற்றூட்டிய பொறியே பந்தயக்காரர் கையில் இங்ஙனம் ஏறியது. லாரியிலும் பஸ்ஸிலும் உழைத்த பொறி, கால் மைலுக்கு அரசாயிற்று. பெட்டிகளில் தீப்பொறி வயர்கள் பெரும்பாலும் இரா. அவற்றை நாமே இடவேண்டும். மெய்வயரின் தடிப்பு 7 அல்லது 8 மில்லிமீட்டர். 25-இல் ஒரு பங்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். அதனினும் பருத்த நூலை இடின் வயர் குழாயாகத் தோன்றும். வரிசையும் பிறழலாகாது. ஹெமியின் எரிமுறை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் ஓட்டுநரின் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். இதனை யார் பார்க்கப்போகிறார் என்று வினவுவோர் உளர். தளை பிழைத்த வெண்பாவையும் எல்லாரும் பார்ப்பதில்லை.

வர்ணந் தீட்டுதலே இவ்வேலையின் உயிர்நிலை. ஒரு கணக்கை முதலிற் பார்ப்பாம். மெய்வண்டியின் மேற்பூச்சு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். சிற்றுருவில் அது 0.004 மில்லிமீட்டராதல் வேண்டும். எக்கையாலும் அங்ஙனம் பூச இயலாது. நாம் பூசுவது 0.05 மில்லிமீட்டராயின், மெய்யளவில் அது 1.25 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள போர்வையாகும். கதவின் விளிம்பும் சிறிய எழுத்தும் அதன்கீழ்ப் புதைந்துவிடும். ஆதலின் நீர்த்த வர்ணத்தைப் பல முறை மெல்லெனத் தூவுதலே வழி. லாக்கர் வகை விரைவில் உலரும், மெலிதாக நிற்கும்; ஆனால் அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்று வெடிப்புக்களை உண்டாக்கும். எனவே அடியிற் பிரைமர் பூசிக் காத்தல் வேண்டும். எனாமல் பிளாஸ்டிக்கை வருத்தாது. உலர்தற்கோ நாட்கள் பல செல்லும். பொறுமையில்லாதவர் விரல்ரேகை அதில் அழியாது பதியும்.

1950-ஆம் ஆண்டுகளில் ஜோ பெய்லன் என்னும் கலிபோர்னியத் தொழிலாளர் பெயரோடு பரவிய மிட்டாய் வர்ணம் தனியே கூறத்தக்கது. அடியில் வெள்ளியோ பொன்னோ பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் பல படலமாக ஏற்றுவர். ஒளி சிவப்பைக் கடந்து, அடியிலுள்ள வெள்ளியிற் பட்டு மீளும். நிறம் மேலே நில்லாது உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். படலம் கூடுந்தோறும் நிறம் இருளும். ஆகவே கூரையில் மூன்று முறையும் கதவில் ஐந்து முறையும் தூவினால் ஒரு வண்டி இரு நிறமாகும். மின்னும் துகள் கலந்த வர்ணத்திலும் எச்சரிக்கை வேண்டும்: 0.2 மில்லிமீட்டர்த் துகள் சிற்றுருவில் 5 மில்லிமீட்டர்த் தகடாகத் தோன்றும்.

உலோக உறுப்புக்களிலேதான் பல சிற்றுருக்கள் பொய்க்கின்றன. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிவித்த கண்ணாடிப் பளபளப்போடு அவை பெட்டியில் வரும். மெய்வண்டியிற் குரோமியம் பூசிய குழாய், மெருகிட்ட அலுமினியம், மெருகிடாத வார்ப்பு, மங்கிய மக்னீசியச் சக்கரம், வெப்பத்தால் நீலமும் ஊதாவும் பாய்ந்த புகைவாய் என ஒவ்வொன்றும் தனி நிறம். எல்லாவற்றையும் ஒரே வெள்ளியாக விடுதல், எல்லாச் சொல்லையும் ஒரே இசையிற் படிப்பதை ஒக்கும். வேண்டாத பளபளப்பை வீட்டில் துணி வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்துக் கழற்றி, அவ்வவ் உலோகத்துக்குரிய நிறத்தைப் பூசுக. பளபளப்பின்மேல் இணைப்புத் திரவம் பற்றாதாகையால், ஒட்டும் இடத்தையேனும் சுரண்டுதல் வேண்டும்.

எழுத்துக்களும் விளம்பரச் சின்னங்களும் நீரில் ஊறவைத்து நழுவவிடும் ஒட்டுப்படங்களாக வரும். பழம் பெட்டிகளில் இவை மஞ்சள் பாய்ந்திருப்பின், சில நாள் சாளரத்து வெயிலில் வைக்க மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும்.

டயரைப் பற்றி ஒன்று கூறி முடிப்பாம். அச்சிலிருந்து வந்த டயர் மினுமினுக்கும். களத்தில் ஓடிய டயர் மினுமினுப்பதில்லை. தரையைத் தொடும் பரப்பை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தாற் போதும். பழைய பெட்டிகளின் வினைல் டயரில் அதனை மெதுவாக்குதற்குச் சேர்த்த எண்ணெய்ப்பொருள், ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிக்கசிந்து, தன்னைத் தொட்ட பாலிஸ்டைரீனை இளக்கி உருக்கிவிடும். இருபது ஆண்டு அலமாரியில் அசையாதிருந்த வண்டியின் சக்கரம் தன் டயராலேயே அரிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். டயருக்கும் சக்கர வளையத்துக்கும் இடையே மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிப் பொருத்துக. அடியிலும் ஒரு துண்டு இட்டு, வெயில் படாத தட்டில் வைக்க.