கொண்டதும் கொடுத்ததும்: ஹாக்கிக் குழு நிர்வாகியின் பரிமாற்றங்களை மதிப்பிடும் முறை

கடலூர்க்குக் கிழக்கே, கெடில ஆறு கடலொடு கலக்கும் இடத்தருகே, தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் சில இன்றும் உள. மாலைப்போதில் கடற்காற்று வாங்கச் செல்லும் மாணாக்கர் பலர் அவற்றைக் கடந்து செல்வர். ஆயினும், அக்கோட்டை ஆங்கிலர் கையில் வந்தது போரினாலன்று, பேரத்தினால் என்பதை நினைப்பார் சிலரே. 1690-ஆம் ஆண்டில், சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் கவர்னராயிருந்த எலிஹு யேல் என்பார், செஞ்சியில் அரசிருந்த மராட்டியரிடமிருந்து அதனை விலைக்கு வாங்கினார். கோட்டையினின்று சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள நிலமும் ஊர்களும் கோட்டையொடு சேரும் என்பது அப்பேரத்தின் நிபந்தனை. அவ்வெல்லைக்குட்பட்டவை பின்னர்க் குண்டு கிராமங்கள் என வழங்கப்பெற்றன.

கம்பெனியார்க்கு அப்பேரம் இலாபமோ நட்டமோ? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலர்க்குத் தலைமையிடமாய் உதவியது இக்கோட்டையே; 1752 வரை அவர்தம் ஆட்சி இங்கிருந்தே நடந்தது. ஆகவே 1746-இல் நின்று நோக்குவார், யேல் செய்ததைப் பெரிய தீர்க்கதரிசனம் என்பர். 1758 ஜூன் மாதத்தில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். அவ்வாண்டில் நின்று நோக்குவார், மண்ணிற் புதைத்த பொருளென அதனை இகழ்வர். பேரம் ஒன்றே, தீர்ப்போ இரண்டு. அன்றியும், விற்ற மராட்டியரைப் பேதையர் என்பதும் பொருந்தாது. மொகலாயப் படை செஞ்சியை நெருங்கிய அக்காலத்தில், தொலைவிலுள்ள கடற்கரைக் கோட்டையினும் கைப்பொருளே அவர்க்கு இன்றியமையாததாய் இருந்தது.

ஒரு பேரத்தை அளக்கும் கோல் யாது என்னும் இவ்வினா, வரலாற்று வகுப்பறையொடு முடிவதன்று. ஆடுகளத்திலும் அஃது எழுகின்றது. கடலூரிலிருந்து சிதம்பரம் சென்று ஆடித் தோற்றுத் திரும்பும் குழுவொன்றைப் பற்றி, புகைவண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டு முன்னரே தீர்ப்பு எழுதிவிடுதல் நம்மனோர் வழக்கம். “இவனை ஏன் சேர்த்தார்? அவனை ஏன் விடுத்தார்?” என்று குழுத் தலைவனைக் குறை கூறுவோம். அக்குறை நியாயமானதா என்பதை ஆராயும் முறை ஒன்று வேண்டும். அம்முறையைக் கற்றற்குத் தக்க களம், ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வதையே ஒரு தொழிலாக வளர்த்துக்கொண்ட வடஅமெரிக்க ஹாக்கி உலகமாம்.

ஈண்டு ஒரு விளக்கம் வேண்டும். நாமறிந்த ஹாக்கி, தரையிலே பக்கத்துக்கு 11 பேர் ஆடுவது. கனடா நாட்டினர் ஹாக்கி என்பது, உறைந்த பனித்தளத்தின்மீது சறுக்குக் காலணி பூண்டு பக்கத்துக்கு 6 பேர் ஆடுவது. 1917-இல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக்கில் ஒவ்வொரு குழுவுக்கும் ஜெனரல் மானேஜர் எனப்படும் நிர்வாகி ஒருவர் உளர். இவர் பிற குழுவினர்க்குத் தம் ஆட்டக்காரரைக் கொடுத்து, அவர்தம் ஆட்டக்காரரைப் பெறுவார். ஆளேயன்றி உரிமையும் கைமாறும். ஆண்டுதோறும் இளைஞரைக் குழுக்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் நாள் ஒன்று உண்டு. முந்திய ஆண்டில் கீழ்நிலை எய்திய குழுவுக்குப் பெரும்பாலும் முற்பட்ட முறை கிட்டும். அம்முறையை, அஃதாவது தேர்வுரிமையை, ஆண்டு பல முன்னரே பிறர்க்குக் கொடுத்துவிடவும் கூடும். பெறும் கோப்பை, 1892-இல் ஸ்டான்லி பிரபு வழங்கிய ஸ்டான்லி கோப்பை.

நிர்வாகியின் பரிமாற்றக் கணக்கை ஆராய்வார் கேட்கவேண்டிய முதல் வினா, அன்று அவர் அறிந்தது யாது என்பது. 1964 முதல் 1978 வரை மாண்ட்ரியால் கனேடியன்ஸ் குழுவை நடத்திய சாம் பாலக் இத்துறையில் தலைசிறந்தவராகக் கருதப்படுபவர். அவர் காலத்தில் அக்குழு 9 முறை கோப்பை வென்றது. அவருடைய பரிமாற்றங்கள் இரண்டினை எடுத்துக்கொள்வோம்.

1964-இல் பாஸ்டன் குழுவினர் தாம் தெரிந்தெடுத்த கென் டிரைடன் என்னும் பதினாறு வயதுச் சிறுவனது உரிமையையும், வேறோர் இளைஞனது உரிமையையும் மாண்ட்ரியாலுக்குக் கொடுத்து, கய் ஆலன், பால் ரீட் என்பார் இருவர் உரிமையைப் பெற்றனர். டிரைடன் கல்லூரிப் படிப்பை முடித்து, 1971-இல் மாண்ட்ரியாலின் கோல் காவலராய் நின்று கோப்பை பெற்றுத் தந்தார். அது முதலாக 6 கோப்பைகளில் அவர்க்குப் பங்குண்டு. சட்டம் பயின்று, நூல் எழுதி, பின்னாளில் கனடாவின் அமைச்சராயும் இருந்து 2025-இல் மறைந்தார். ஆலனும் ரீடும் அந்த லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடினாரல்லர். விளைவை மட்டும் நோக்கினால் இதற்கு நிகரான இலாபம் இல்லை. ஆனால் 1964-இல் இந்நால்வரும் பேரறியாச் சிறுவரே. எதிர்காலத்தை இரு பக்கத்தாரும் அறிந்திலர். ஆதலின் இதனைப் பாலக்கின் மதிநுட்பம் என்பதினும், நல்லூழ் என்பதே பொருந்தும்.

மற்றது வேறு தன்மையது. 1971-ஆம் ஆண்டுத் தேர்வில் கய் லஃப்ளூர் என்னும் கியூபெக் நாட்டு இளைஞர் வருவார் என்பதைப் பாலக் அறிந்திருந்தார். அவர் 1969–70 பருவத்தில் இளையோர் ஆட்டங்களில் 103 கோல் அடித்தவர். பாலக் 1970-இலேயே கலிபோர்னியா சீல்ஸ் குழுவினரை அணுகி, எர்னி ஹிக்கி என்பாரையும் அவ்வாண்டுத் தம் தேர்வுரிமையையும் கொடுத்து, ஃபிரான்சுவா லகோம்ப் என்பாரையும் 1971-க்குரிய அவர்தம் முதல் தேர்வுரிமையையும் பெற்றார். சீல்ஸ் குழுவினர் அதற்கு முந்திய ஈராண்டும் இறுதிக் கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றவர். எனவே தாம் கடைநிலைக்கு வீழ்வோம் என்று எண்ணினாரல்லர். அடுத்த ஆண்டில் லீக் முழுமையிலும் அவரே கடைநிலை எய்தினர். முதல் தேர்வு மாண்ட்ரியாலுக்குக் கிட்டியது. லஃப்ளூர் அங்குச் சேர்ந்து 5 கோப்பைகளில் பங்குகொண்டார்.

இதிலும் ஊழின் கூறு உண்டு. ஆயினும் பாலக் எதை நாடுகின்றோம் என்பதை அறிந்து நாடினார். சீல்ஸ் நிர்வாகத்தாரோ எதை இழக்கக்கூடும் என்பதை எண்ணாது இழந்தனர். தேர்வுரிமை என்பது குழு தாழுங்கால் விலையேறும் பொருள். வறட்சிக்கு வைத்த விதைநெல் போன்றது. விதைநெல்லை விற்பவன் மழை பொய்க்கும் ஆண்டையும் எண்ணியே விற்றல் வேண்டும். அந்நாளில் அறிந்தவற்றைக்கொண்டே இப்பிழையைக் காட்டலாகும் ஆதலின், இதனைக் குறை கூறுதல் நியாயமே.

இரண்டாம் வினா, எத்துணைக் காலம் சென்றபின் அளக்கின்றோம் என்பது. நியூயார்க் ஐலண்டர்ஸ் குழுவின் நிர்வாகி மைக் மில்பரி 2000 ஜூன் 24-ஆம் நாள், 21 வயதினரான கோல் காவலர் ராபர்ட்டோ லுவாங்கோவையும், ஓலி யோகினன் என்பாரையும் ஃபிளாரிடா குழுவுக்குக் கொடுத்து, மார்க் பாரிஷ், ஓலெக் குவாஷா இருவரையும் பெற்றார். மறு ஆண்டில், ஸ்டேனோ சாரா என்னும் நெடிய காவலாட்டக்காரரையும், பில் மக்கால்ட் என்பாரையும், அவ்வாண்டின் இரண்டாம் தேர்வுரிமையையும் ஆட்டவா குழுவுக்குக் கொடுத்து அலெக்ஸி யாஷினைப் பெற்றார். 2002-இல் ஐலண்டர்ஸ் குழு, 1994-க்குப் பின் முதன்முறையாக இறுதிக் கட்ட ஆட்டங்களுட் புகுந்தது. பாரிஷ் அப்பருவத்தில் 30 கோல் அடித்தார். அந்நாளில் கணக்கை மூடியிருப்பின் மில்பரியைப் புகழ்ந்திருப்போம்.

ஆனால் கணக்கு மூடப்படவில்லை. யாஷினொடு செய்த 10 ஆண்டு ஒப்பந்தத்தைக் குழு 2007-இல் பணங்கொடுத்து முறித்துக்கொண்டது. லுவாங்கோ 489 வெற்றி கண்டு 2022-இல் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். ஆட்டவா குழுவினர் தாம் பெற்ற தேர்வுரிமையைக்கொண்டு ஜேசன் ஸ்பெஸ்ஸாவை எடுத்தனர். அவர் 1,200-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். சாரா 2011-இல் பாஸ்டன் குழுவின் தலைவராய்க் கோப்பையை ஏந்தினார்.

இவ்விடத்துப் பலர் வழுவுவதொன்றுண்டு. சாராவின் கோப்பையையும் மில்பரியின் நட்டத்தில் எழுதிவிடுவர். உண்மை யாதெனின், 2006-இல் ஒப்பந்தம் முடிந்தபோது ஆட்டவா குழுவே சாராவை இழந்தது. பாஸ்டன் அவரைப் பரிமாற்றமின்றியே சேர்த்துக்கொண்டது. பெற்றவர் தாமே பின்னர் இழந்ததைக் கொடுத்தவர் தலையில் ஏற்றுதல் முறையன்று. கொடுத்த ஆள், கொடுக்காதிருப்பின் எத்துணைக் காலம் நம்மிடம் இருந்திருப்பான் என்பதே கணக்கிற் சேரத்தக்கது.

மூன்றாம் வினா, முடிவு எவருடையது என்பது. 1988 ஆகஸ்டு 9-ஆம் நாள், ஹாக்கி உலகின் தனிப்பெரு வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, எட்மன்டன் குழுவினின்று லாஸ் ஏஞ்சலஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். எட்மன்டன் பெற்றவை இரண்டு ஆட்டக்காரர், மூன்று முதற்சுற்றுத் தேர்வுரிமைகள், 1.5 கோடி டாலர் பணம். பணத்தை விரும்பியவர் குழுவின் உடைமையாளர் பீட்டர் பாக்லிங்டன். நிர்வாகி கிளென் சாதர் அதற்கு உடன்பட்டவரல்லர். இப்பரிமாற்றத்தைச் சாதர் கணக்கில் எழுதினால், எசமானன் விற்ற மாட்டுக்கு உழவனைப் பழித்தவர் ஆவோம். அன்றியும், கிரெட்ஸ்கி இன்றியே அக்குழு 1990-இல் கோப்பை வென்றது. இழப்பு என்று ஊர் அழுததும் ஒரு முகமே.

நான்காம் வினா, ஒன்றை அளக்கின்றோமா, முழுமையை அளக்கின்றோமா என்பது. நம் பகுதியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் வீரர் காத்து நின்ற சிதம்பரம் கோயிலரணைத் தாக்கித் தோற்றார். ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதரையே வென்றார். சிதம்பரத்தோடு ஏட்டை மூடியிருப்பின் அவர் தோற்ற தளபதி. நிர்வாகியின் பரிமாற்றங்களுள்ளும் மிகச் சிறந்த ஒன்றையோ மிக இழிந்த ஒன்றையோ எடுத்துக்காட்டுதல் எளிது. முழு வரிசையையும் நிறுத்துப் பார்த்தலே நேர்மை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுப் பெயர் தாங்கிய குழு ஆடியதுண்டு. அங்கு 2024-இல் ஆட்டக்காரர் சேர்ந்தது ஏலத்தின் வழியாக. கனடா நாட்டினரைப் போன்ற பரிமாற்றம் தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது கிரிக்கெட்டில். 2025-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் குழு, ஐ.பி.எல். போட்டியில் முதன்முறையாகக் கடைநிலை எய்தியது. அவ்வாண்டு நவம்பரில் ரவீந்திர ஜடேஜா, சாம் கரன் இருவரையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றது. ஜடேஜா அப்போது 37 வயதை எட்டவிருந்தவர். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பை தந்தவர். சாம்சன் அப்போது 31 வயதினர். அன்பின் கோலால் அளந்தார் பலர் வருந்தினர். ஆண்டின் கோலால் அளந்தார் சிலர் உடன்பட்டனர்.

இதனை எடுத்துக்கொண்டு மாணாக்கர் ஒரு பயிற்சி செய்யலாம். இத்தகைய பரிமாற்றம் நிகழும் நாளிலேயே ஓர் ஏட்டைத் திறந்து, குழுவுக்கு அன்று வேண்டியது யாது, கொடுத்தது யாது, பெற்றது யாது, வேறு வழி இருந்ததா, என் தீர்ப்பு யாது என எழுதிக் கையெழுத்திட்டு வைக்க. மூன்றாண்டும் ஆறாண்டும் கழித்து அவ்வேட்டைத் திறந்து நோக்குக. நிர்வாகி பிழைத்தது எங்கே, தாம் பிழைத்தது எங்கே என்பது அப்போது தெளிவாகும். எழுதாது விட்டவன், “யான் அன்றே சொன்னேன்” என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வான்.

கம்பெனியார் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். சென்னைக் கோட்டையிலும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலும் அவர்தம் சபையார் ஆராய்ந்தவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவந்தனர். அவை பின்னர் அச்சிலும் வந்துள. கோட்டை இடிந்தது, ஏடு நின்றது. அவ்வேடுகள் நிற்பதனாலன்றோ, அவர் செய்தவற்றை அவர்காலத்து அறிவுகொண்டே எடைபோட நமக்கு இயலுகின்றது.

திருவள்ளுவர் ஆளைத் தெளிந்து தெரிதலைத் ‘தெரிந்து தெளிதல்’ என்றும், தெரிந்தவரை வினையில் வைத்தலைத் ‘தெரிந்து வினையாடல்’ என்றும் இரண்டு அதிகாரங்களாக வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. விவிலியத்துத் தாலந்து உவமையிலும் எசமானன் கணக்குக் கேட்க வருவது நெடுங்காலம் கழித்தே. அவன் கடிந்தது, அஞ்சி நிலத்திற் புதைத்தவனையே. பிழை நேருமென்று எதையும் மாற்றாதிருக்கும் நிர்வாகியும் பழிக்குத் தப்பான் என்பது அதனாற் பெறப்படும்.

நம்முள் சிலர் நாளை குழுத் தலைவராவர். சிலர் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆள் தெரிந்தெடுப்பர். அனைவரும் பிறர் முடிவின்மேல் நாள்தோறும் தீர்ப்புச் சொல்கின்றோம். அடுத்த முறை சிதம்பரத்தினின்று தோற்றுத் திரும்பும்போது, அன்று அறிந்தது யாது, எத்துணைக் காலம் சென்றது, முடிவு எவருடையது, முழுக்கணக்கு யாது என்னும் இந்நான்கையும் கேட்டபின் வாய் திறப்போமாக. கடலூர் நிலையம் வருமளவும் அவ்வினாக்களுக்கு விடை காணப் பொழுது போதும்.