ஆறு ஆறாகக் கூட்டினால் ஒரு பறவை

குரோஷா என்றதும் மேஜை விரிப்பும் லேஸும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா லேஸ் 2024-ல் புவிசார் குறியீடு பெற்றது. சென்னையில் 2016-ல் பெண்கள் பலர் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதே கொக்கி ஊசியால் பஞ்சு அடைத்த பொம்மைகளும் செய்யலாம். ஜப்பானியர் இதனை ‘அமிகுருமி’ என்பர்.

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பின், ஆஸ்டின் டவுன் வீட்டில் என் மனைவியிடம் இதைக் கற்றுக்கொண்டேன். அவருடைய கைவேகம் எனக்கு வராது. ஆனால் இதிலுள்ள கணக்கு பிடிபட்டது. அது புரிந்துவிட்டால் எந்தப் பறவையையும் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

கணக்கு என்ன?

ரயில் பாதை ஒன்றை முழு வட்டமாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1.676 மீட்டர். வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிடச் சுமார் பத்தரை மீட்டர் நீளமாக இருக்கும். வட்டம் சிறியதோ பெரியதோ, இந்த வித்தியாசம் மாறாது. இடைவெளியை 6.28-ஆல் பெருக்கினால் வருவது அது.

பின்னலிலும் அப்படித்தான். சிங்கிள் குரோஷாவில் ஒரு கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய சமம். ஆகவே சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். அதிகம் கூட்டினால் விளிம்பு அப்பளம்போல் நெளியும். கூட்டாமல் பின்னினால் குழாய்போல் நேராக இறங்கும். குறைத்தால் உள்நோக்கி மூடும். தலை, கழுத்து, வயிறு எல்லாம் இவற்றின் சேர்க்கையே.

தேவையான பொருட்கள்

நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல், 3 மி.மீ. குரோஷா ஊசி, பாலியஸ்டர் பஞ்சு, தையல் ஊசி, கறுப்பு நூல். இலவம் பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும்; பொம்மைக்கு வேண்டாம்.

தலையும் உடலும்

இரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணிக்குள் 6 சிங்கிள் குரோஷா போடவும். இது முதல் சுற்று. சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூல் ஒன்றை அடையாளமாக வைக்கவும்.

சுற்று 2: ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு – 12
சுற்று 3: ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு – 18
சுற்று 4: இரண்டு விட்டு மூன்றாவதில் இரண்டு – 24
சுற்று 5 முதல் 8 வரை: மாற்றமில்லை – 24
சுற்று 9 (கழுத்து): இரண்டு பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக்கவும் – 18
சுற்று 10: மீண்டும் கூட்டவும் – 24
சுற்று 11: மூன்று விட்டு நான்காவதில் இரண்டு – 30
சுற்று 12 முதல் 17 வரை: மாற்றமில்லை – 30
சுற்று 18: மூன்று பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக்கவும் – 24

இப்போது பஞ்சை நன்றாக அடைத்து, அடுத்த சுற்றுகளை 18, 12, 6 என்று குறைத்து மூடவும்.

சிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று வட்டம் இரண்டு பின்னி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கவும். வாலுக்கு 8 சங்கிலி போட்டு, 7 கண்ணிகளாக நான்கு வரிசை போதும். அலகுக்கு 4 கண்ணிகளில் மூன்று சுற்று.

ஒரே கணக்கு, இரு பறவைகள்

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. அதற்கு உடல் செம்பழுப்பு, சிறகு பச்சை, அலகு சிவப்பு, வால் கறுப்பு. கர்நாடகத்தின் பறவை பனங்காடை. அதற்கு உச்சந்தலையும் வாலும் நீலம், உடல் பழுப்பு, அலகு கறுப்பு. பனங்காடை உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத் தெரியும். பறக்கும்போதுதான் நீலம் பளிச்சிடும். அதனால் சிறகின் வெளி வட்டத்தைப் பழுப்பிலும் உள் வட்டத்தை நீலத்திலும் பின்னினால், குழந்தை சிறகைத் தூக்கிப் பார்த்து மகிழும்.

கவனிக்க வேண்டியது

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கானால் கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்கக் கூடாது. கறுப்பு நூலால் தையல் போட்டால் போதும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதும் அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும். அலகும் அதில் அடங்கிவிடும். ஆகவே இரண்டு முறை சுற்றித் தைத்து, பலமாக இழுத்துப் பாருங்கள். பின்னலில் பஞ்சு தெரிந்தால் அடுத்த முறை சிறிய ஊசி எடுங்கள்.

பின்னும்போது பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். என் பேத்திக்கு முன்பு எல்லாமே ‘பேர்டு’தான். கண்ணிகளை ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். புறா முடிவதற்குள் முப்பது வரை தடுமாறாமல் எண்ணினாள். அலகு, சிறகு, கழுத்து என்ற சொற்களும் கூடவே வந்தன. ஒரு நூல்கண்டு செலவில் இது நல்ல பாடம். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலும் தொடங்கிப் பாருங்கள்.